இலாபம் இருக்கிறது, பணம் எங்கே? – சிறுதொழில் கேள்வி பதில்

தொழில் தொடங்க நினைப்பவர்களும், தொடங்கி நடத்திக்கொண்டிருப்பவர்களும் எழுதிய கடிதங்களிலிருந்து சில கேள்விகளை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம். உரிமம், பதிவு, வரி ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுபடுவதால் அவற்றைப் பற்றிய கேள்விகளை ஒதுக்கி, எங்கும் பொருந்தும் அடிப்படைகளுக்கு மட்டுமே இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: மாதச் சம்பள வேலையில் இருக்கிறேன். நிறுவனங்களுக்குத் துணிப்பைகள் தைத்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்க வேண்டும் என்பது நீண்ட நாள் எண்ணம். நான் கேட்ட அனைவருமே நல்ல யோசனை என்கிறார்கள். சேமிப்பு முழுவதையும் போட்டு இயந்திரங்களை வாங்கி, வேலையை விட்டுவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். இயந்திரம் வாங்குவதற்கு முன்பே நீங்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் மீதமிருக்கிறது: விற்றுப் பாருங்கள். ஒருவரிடம் யோசனையைச் சொல்லி "எப்படி இருக்கிறது?" என்று கேட்டால், உங்கள் மீது அன்புள்ளவர் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வார், அந்தச் சொல்லுக்காக அவர் எதையும் இழக்கப்போவதில்லை. அதற்குப் பதிலாக, பைகளை வாங்கக்கூடிய நிறுவனங்களின் கொள்முதல் பொறுப்பாளர்களைச் சந்தித்து, கடந்த ஓராண்டில் எத்தனை பைகள் வாங்கினார்கள், யாரிடம் வாங்கினார்கள், என்ன விலை கொடுத்தார்கள், எந்த விஷயத்தில் குறை கண்டார்கள் என்று கேளுங்கள். ஒருவர் நாளை செய்யப்போவதாகச் சொல்வதைவிட, நேற்று செய்ததுதான் உங்களுக்கு உறுதியான செய்தி. அதன் பிறகு, வேறொரு தையற்கூடத்தில் கூலிக்குத் தைத்து வாங்கி, சிறிய அளவில் விற்றுப் பாருங்கள். உங்களுக்குக் கிடைக்கும் இலாபம் குறைவாக இருக்கும். ஆனால் முன்பணம் கொடுத்து வாங்க ஆள் இருக்கிறார்களா என்ற கேள்விக்கு, இயந்திரம் எதுவும் வாங்காமலேயே விடை கிடைத்துவிடும்.

தொழில்முனைவோர் என்பவரைப் பொருளியல் நூல்களில் முதன்முதலாகத் தெளிவாக வரையறுத்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் கான்டிலான். அவர் இறந்த பிறகு 1755இல் வெளியான கட்டுரை நூலில், உறுதியாகத் தெரிந்த விலைக்கு வாங்கி, என்ன விலை கிடைக்கும் என்று தெரியாமலே விற்பவர் என்று தொழில்முனைவோரைக் காட்டுகிறார். செலவு உறுதி, வரவு உறுதியில்லை என்ற இந்த நிலை இன்றும் மாறவில்லை. ஆகவே எவ்வளவு சம்பாதிக்கலாம் என்ற கணக்கிலிருந்து தொடங்காமல், எவ்வளவு போனாலும் குடும்பம் தாங்கும் என்ற கணக்கிலிருந்து தொடங்குவதே பாதுகாப்பானது. அனுபவம் மிகுந்த 27 தொழில்முனைவோரிடம் ஒரே வகையான தொழிற்சிக்கல்களைக் கொடுத்து, அவர்கள் எப்படிச் சிந்திக்கிறார்கள் என்று ஆராய்ந்த தொழில்முனைவு ஆய்வாளர் சாரஸ் சரஸ்வதி, இந்தப் போக்கை அவர்களிடம் கண்டார். 'தாங்கக்கூடிய இழப்பு' என்று அதைக் குறித்து அவர் 2001இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு அது தொழிற்கல்வியில் நிலைபெற்ற கருத்தாகிவிட்டது. சேமிப்பு முழுவதும் தாங்கக்கூடிய இழப்பாக இருக்க முடியாது. அதில் ஒரு பகுதியை ஒதுக்கிவைத்து, அது தீர்ந்தால் நிறுத்திவிடுவேன் என்று இப்போதே, மனம் அமைதியாக இருக்கும்போதே, எழுதிவையுங்கள். சம்பளம் வந்துகொண்டிருக்கும் காலத்தில் மாலை நேரங்களிலும் விடுமுறை நாட்களிலும் இதைச் செய்யலாம். உங்கள் வேலை ஒப்பந்தம் அதற்கு இடம் தருகிறதா என்பதை மட்டும் முதலில் படித்துப்பாருங்கள். ஒரே வாடிக்கையாளர் இரண்டாம் முறை தானாகவே அழைத்து வாங்கும்போது, வேலையை விடுவதைப் பற்றி மீண்டும் எழுதுங்கள், மகிழ்ச்சியுடன் பேசுவோம்.

கேள்வி: என் நிறுவனத்துக்குப் பெயரும் இலச்சினையும் முடிவு செய்வதிலேயே சில மாதங்கள் கழிந்துவிட்டன. நல்ல பெயர் எப்படி இருக்க வேண்டும்?

பதில்: சொல்ல எளிதாகவும், ஒருமுறை கேட்டால் பிழையின்றி எழுதக்கூடியதாகவும், அதே துறையில் வேறொருவர் பதிவு செய்யாததாகவும் இருந்தால் போதும். பதிவு அலுவலகத்தின் பட்டியலில் தேடிப்பார்த்து, இந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். முதல் பத்து வாடிக்கையாளர்கள் உங்கள் வேலையின் தரத்தையும், சொன்ன நாளில் கொடுத்தீர்களா என்பதையும் பார்த்துத்தான் திரும்பி வருவார்கள். இலச்சினையை அழகுபடுத்த அதன் பிறகும் நேரமிருக்கும்.

கேள்வி: வீட்டிலேயே சோப்பு தயாரித்து விற்கிறேன். மூலப்பொருள் செலவுடன் 25 சதவீதம் சேர்த்து விலை வைத்திருக்கிறேன். விற்பனை நன்றாக நடக்கிறது. பண்டிகைக் காலத்தில் 20 சதவீதம் தள்ளுபடியும் கொடுத்தேன். எல்லாம் விற்றுத் தீர்ந்தது. ஆனால் ஆண்டு முடிவில் கையில் ஒன்றும் நிற்கவில்லை. எங்கே தவறுகிறது?

பதில்: உங்கள் உழைப்பில் குறை எதுவும் இல்லை. குறை விலையில் இருக்கிறது, அதைச் சரிசெய்துவிடலாம். முதலில் சதவீதக் கணக்கைப் பார்ப்போம். மூலப்பொருள் செலவு 80 என்றால், 25 சதவீதம் சேர்த்து விலை 100 ஆகிறது. சேர்த்தது 20, அது செலவான 80இல் 25 சதவீதம், ஆனால் விலையான 100இல் 20 சதவீதம்தான். தள்ளுபடியோ எப்போதும் விலையின் மீது கணக்கிடப்படுவது. நீங்கள் 20 சதவீதம் தள்ளுபடி கொடுத்தபோது விலை 80 ஆகிவிட்டது. அதாவது அந்தப் பருவம் முழுவதும் மூலப்பொருளை வாங்கிய விலைக்கே கொடுத்திருக்கிறீர்கள். சரக்கு வேகமாகத் தீர்ந்ததில் வியப்பில்லை.

அடுத்த தவறு, மூலப்பொருள் செலவை மட்டும் அடக்க விலை என்று கொள்வது. ஒவ்வொரு சோப்புக்கும் உறை, அனுப்பும் செலவு, பணம் பெற்றுத்தரும் சேவைக்கான கட்டணம், உடைந்து வீணாகும் பங்கு ஆகியவை சேர்கின்றன. இவை எண்ணிக்கையோடு கூடிக் குறையும் மாறும் செலவுகள். எத்தனை விற்றாலும், ஒன்றுமே விற்காவிட்டாலும் மாதந்தோறும் வரும் வாடகை, மின் இணைப்பு, அச்சுகளின் தேய்மானம் ஆகியவை நிலையான செலவுகள். இவற்றோடு உங்கள் உழைப்புக்கான கூலியும் சேர வேண்டும். வீட்டிலிருந்து தொழில் செய்யும் பெண்களின் கடிதங்களில் மிகப் பெரும்பாலானவற்றில் இந்த ஒரு வரி விடுபட்டிருக்கிறது என்பதை வருத்தத்துடன் சொல்கிறேன். உங்களுக்கு உடல்நலமில்லாமல் போய், அந்த வேலைக்கு ஒருவரை வைக்க நேர்ந்தால் அவருக்கு என்ன கொடுப்பீர்களோ, அதுவே உங்கள் கூலி. அதைக் கணக்கில் எழுதிய பிறகு மிஞ்சுவதற்குத்தான் இலாபம் என்று பெயர்.

இப்போது ஒரு கணக்குப் போட்டுப்பாருங்கள். ஒரு பொருளின் விலை 100, மாறும் செலவு 60, உங்கள் கூலி உட்பட மாதத்தின் நிலையான செலவு 30,000 என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றும் 40 தருகிறது; 30,000ஐ 40ஆல் வகுத்தால் 750. மாதம் 750 பொருள்கள் விற்றால் இலாபமும் இல்லை, நட்டமும் இல்லை. விலையை 90 ஆக்கினால் ஒவ்வொன்றும் 30தான் தரும். அதே நிலைக்கு வர 1,000 பொருள்கள் விற்க வேண்டும். பத்து சதவீத விலைக் குறைப்பை ஈடுகட்ட விற்பனை மூன்றில் ஒரு பங்கு கூட வேண்டியிருக்கிறது. இன்னும் 250 சோப்புகளைத் தயாரிக்க உங்களுக்கு நேரமும் கைகளும் இருக்கின்றனவா என்ற கேள்வி அதற்குப் பின்னால் நிற்கிறது. விலையை உயர்த்த அஞ்ச வேண்டாம். ஒருவேளை சில வாடிக்கையாளர்கள் போய்விடலாம். விலை 100இலிருந்து 110 ஆனால் 600 பொருள்களே போதும் என்பதையும் அந்தக் கணக்கே சொல்கிறது.

கேள்வி: இயந்திர உதிரிபாகங்கள் செய்து பெரிய ஆலைகளுக்குக் கொடுக்கிறேன். கணக்காளர் போட்டுக் காட்டும் கணக்கில் ஒவ்வொரு மாதமும் இலாபம் இருக்கிறது. இவ்வாண்டு ஆர்டரும் இரண்டு மடங்காகிவிட்டது. ஆனால் மாதக் கடைசியில் சம்பளம் கொடுக்கக் கைமாற்று வாங்குகிறேன். கணக்காளர் ஏமாற்றுகிறாரோ என்றுகூடச் சந்தேகம் வந்துவிட்டது. இலாபம் எங்கே போகிறது?

பதில்: உங்கள் கணக்காளரைச் சந்தேகிக்க வேண்டாம். அவர் எழுதுவதும் சரி, உங்கள் கைப்பெட்டி காலியாக இருப்பதும் சரி. இலாபக் கணக்கில், சரக்கை ஒப்படைத்து விலைப்பட்டியல் (இன்வாய்ஸ்) எழுதிய அன்றே விற்பனை வரவாகிவிடுகிறது. பணம் வருவதோ அதற்கு வெகு நாள் கழித்து. நல்ல ஆர்டர்களுடன் இருக்கும் தொழில்கள் மூடப்படுவதற்கு இந்த இடைவெளி ஒரு பெரிய காரணம் என்பதால், இதற்குச் சற்று விரிவாகவே பதில் சொல்கிறேன்.

மூன்று எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வாங்கிய மூலப்பொருள், வேலை முடிந்து வெளியே போகும்வரை உங்களிடம் எத்தனை நாள் இருக்கிறது? அனுப்பிய பிறகு பணம் வர எத்தனை நாள் ஆகிறது? மூலப்பொருள் கொடுத்தவருக்கு நீங்கள் எத்தனை நாளில் பணம் கொடுக்கிறீர்கள்? முதல் இரண்டையும் கூட்டி, மூன்றாவதைக் கழியுங்கள். சரக்கு 30 நாள், வரவேண்டிய பாக்கி 60 நாள், கொடுக்கவேண்டிய பாக்கி 15 நாள் என்றால், விடை 75. இதன் பொருள், இன்று நீங்கள் போடும் பணம் திரும்பி வர 75 நாட்கள் ஆகும், அத்தனை நாளுக்கும் உரிய செலவை நீங்கள்தான் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும் என்பது. நாளொன்றுக்குச் செலவு 2,000 என்றால் 1,50,000 எப்போதும் தொழிலுக்குள் முடங்கிக் கிடக்கும். இதைத்தான் நடைமுறை மூலதனம் என்கிறோம்.

ஆர்டர் இரண்டு மடங்கானபோது என்ன நடந்தது என்று இப்போது தெரியும். செலவு நாளொன்றுக்கு 4,000 ஆகிறது. முடங்கும் பணம் 3,00,000 ஆகிறது. புதிதாக 1,50,000 தேவைப்படுகிறது. இரட்டிப்பான விற்பனையில் மாதம் 30,000 இலாபம் வருவதாகக் கொண்டாலும், அந்தத் தொகையை இலாபத்திலிருந்தே சேர்க்க ஐந்து மாதங்கள் ஆகும். உங்கள் தொழிலாளர்களின் சம்பளம் ஐந்து மாதங்கள் காத்திருக்க முடியாது, காத்திருக்கச் சொல்வதும் முறையாகாது. ஆகவே இலாபம் தொலைந்துபோகவில்லை. ஆலைகளின் பாக்கியாகவும் உங்கள் கிடங்கின் சரக்காகவும் உருமாறி நிற்கிறது.

செய்ய வேண்டியவை அந்த மூன்று எண்களிலேயே இருக்கின்றன. விலைப்பட்டியலைச் சரக்கு போகும் நாளிலேயே அனுப்புங்கள். மாதக் கடைசியில் மொத்தமாக எழுதும் வழக்கம் இருந்தால், முதல் தேதியில் போன சரக்குக்கு நீங்களே கேட்காமல் ஒரு மாதம் கடன் கொடுத்துவிடுகிறீர்கள். ஆலையில் யார் கையெழுத்துப் போட்டால் பணம் வரும், எந்தத் தேதியில் அவர்கள் பட்டியல்களை எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தாமதங்களில் பல, கொள்முதல் எண் விடுபட்ட பட்டியல் யாரோ ஒருவர் மேசையில் கிடப்பதால் வருபவை. புதிய ஆர்டர்களுக்கு மூலப்பொருள் விலையளவு முன்பணம் கேளுங்கள். 60 நாளை 40 ஆகக் குறைக்க முடிந்தால், இப்போதைய அளவில் 80,000 உங்கள் கைக்குத் திரும்பிவிடும். எந்த வங்கிக் கடனும் இவ்வளவு மலிவாகக் கிடைக்காது.

விரைவில் பணம் கொடுப்பவருக்குத் தள்ளுபடி தரலாமா என்று அடுத்து கேட்பீர்கள். கணக்குப் போட்டுவிட்டுக் கொடுங்கள். 30 நாளில் தர வேண்டியதைப் 10 நாளில் தந்தால் 2 சதவீதம் குறைத்துக்கொள்ளலாம் என்பது பல நாடுகளில் வழங்கும் ஒரு நிபந்தனை. பார்வைக்குச் சிறிய தொகை. ஆனால் 98ஐ 20 நாள் முன்னதாகப் பெற 2 கொடுப்பது, ஆண்டு வட்டியாகக் கணக்கிட்டால் 37 சதவீதத்தைத் தாண்டுகிறது. நெருக்கடியில் ஒருமுறை கொடுக்கலாம், வழக்கமாக்கக் கூடாது. அதே சலுகையை உங்களுக்கு மூலப்பொருள் தருபவர் கொடுத்தால், கையில் பணமிருக்கும்போது ஒருபோதும் தவறவிடாதீர்கள்.

கடைசியாக ஒரு தாள் தயாரியுங்கள். அடுத்த 13 வாரங்களுக்கு, வாரம் ஒரு கட்டமாக, எந்த வாரம் எந்தப் பணம் உண்மையில் வரும், எந்த வாரம் எது வெளியே போகும் என்று எழுதுங்கள். வரும் என்று நம்புவதை எழுத வேண்டாம். அந்த வாடிக்கையாளர் இதுவரை பணம் கொடுத்த வழக்கத்தைப் பார்த்து எழுதுங்கள். எட்டாம் வாரத்தில் சம்பளத்துக்குப் பணம் குறையும் என்று இன்றே தெரிந்தால், வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் நிதானமாகப் பேச எட்டு வாரங்கள் இருக்கின்றன. முந்தைய நாள் தெரிந்தால் கைமாற்றைத் தவிர வேறு வழியில்லை.

கேள்வி: எனக்குக் கணக்கு வராது. தொழிலில் கைத்திறன் மட்டுமே உண்டு. வரவு செலவை ஒருவரிடம் ஒப்படைத்துவிட்டு நான் வேலையைப் பார்த்தால் போதாதா?

பதில்: எழுதும் வேலையை ஒப்படைக்கலாம், படிக்கும் வேலையை ஒப்படைக்க முடியாது. 1494இல் வெனிஸ் நகரில் அச்சான தமது கணித நூலில், அந்நகர வணிகர்கள் பின்பற்றிய, ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலையும் இரு கணக்குகளில் பதியும் இரட்டைப் பதிவு முறையை லூக்கா பாச்சோலி விளக்கினார். முதலில் தன்னிடம் உள்ள உடைமைகள், கடன்கள் அனைத்தையும் வணிகர் பட்டியலிட வேண்டும். பிறகு நடப்பவற்றை நடந்த வரிசையில் குறிக்கும் நினைவேடு, அதை ஒழுங்குபடுத்தும் நாளேடு, தலைப்புவாரியாகப் பிரிக்கும் பேரேடு என்று மூன்று ஏடுகள் வேண்டும் என்பது அவர் காட்டும் முறை. இன்றைய கணினி மென்பொருள்கள் பின்னிரண்டையும் தாமாகவே செய்துவிடுகின்றன. நினைவேட்டை மட்டும் உங்களுக்காக யாரும் எழுத முடியாது, ஏனெனில் கொடுத்ததும் வாங்கியதும் நீங்கள்தான். ஒவ்வொரு நாளும் தொழிலை மூடும் முன் பதினைந்து நிமிடம் அதற்கு ஒதுக்குங்கள்.

இன்னொன்று, கணக்கு வராதவர்களும் இன்றே செய்யக்கூடியது: தொழிலுக்குத் தனி வங்கிக் கணக்கு. வீட்டுக்குப் பணம் வேண்டுமென்றால் மாதம் ஒருமுறை, முன்பே முடிவு செய்த தொகையை, உங்கள் சம்பளமாக எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பெட்டியிலிருந்து அவ்வப்போது எடுக்கும் வழக்கம் இருக்கும்வரை எந்தக் கணக்காளர் வந்தாலும் உங்கள் தொழிலின் உண்மை நிலையை அவரால் சொல்ல முடியாது. பிறகு மாதம் ஒருமுறை அவருடன் உட்கார்ந்து, கையிருப்பு எவ்வளவு, வரவேண்டியது எவ்வளவு, கொடுக்கவேண்டியது எவ்வளவு, சென்ற மாதத்தைவிட எது ஏன் கூடியது என்று கேளுங்கள். இந்த நான்கு கேள்விகளுக்கு உயர்கணிதம் தேவையில்லை.

கேள்வி: புதிய இயந்திரத்துக்குக் கடன் வாங்க இரண்டு இடங்களில் விசாரித்தேன். ஓரிடத்தில் 18 சதவீதம் குறையும் நிலுவை வட்டி, மற்றோரிடத்தில் 12 சதவீதம் நிலையான வட்டி. இரண்டும் ஓராண்டில் மாதத் தவணையில் கட்ட வேண்டியவை. குறைந்த வட்டியைத் தேர்ந்தெடுப்பதுதானே சரி?

பதில்: குறைந்ததைத் தேர்ந்தெடுப்பது சரி, ஆனால் இந்த இரண்டில் குறைந்தது 18 சதவீதக் கடன்தான். 1,00,000 கடனுக்கு 12 சதவீத நிலையான வட்டி என்றால், 12,000 சேர்த்து 1,12,000ஐப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் ஏறத்தாழ 9,333 கட்டச் சொல்வார்கள். முதல் தவணையிலிருந்தே அசலின் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவருகிறீர்கள். ஆண்டு முழுவதற்கும் சராசரியாகப் பார்த்தால் உங்களிடம் இருக்கும் அவர்களுடைய பணம் ஏறத்தாழ 55,000தான். ஆனால் வட்டியோ முழு 1,00,000க்கும் வாங்கப்படுகிறது. மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி கணக்கிடும் குறையும் நிலுவை முறையில் சொன்னால் இது ஏறத்தாழ 21.5 சதவீதம். எந்தக் கடனையும் ஒப்பிடும்போது சதவீதத்தைக் கேட்பதோடு நிற்காமல், கையில் வரும் தொகை எவ்வளவு, கட்டி முடிக்கும் மொத்தத் தொகை எவ்வளவு, பரிசீலனைக் கட்டணம், காப்பீடு என்று முன்கூட்டியே பிடித்துக்கொள்வது எவ்வளவு, முன்னதாக அடைத்தால் அபராதம் உண்டா என்ற நான்கையும் எழுத்தில் வாங்குங்கள்.

வட்டியைவிட எனக்குக் கவலை தருவது நீங்கள் குறிப்பிட்ட ஓராண்டுக் காலம். பல ஆண்டுகள் உழைக்கும் இயந்திரத்தின் விலையை ஒரே ஆண்டு வருமானத்திலிருந்து அடைக்க முயன்றால், தவணை உங்கள் நடைமுறை மூலதனத்தைத் தின்றுவிடும். நீண்ட காலம் பயன்தரும் பொருளுக்கு நீண்ட காலக் கடன், சில வாரங்களில் பணமாகும் சரக்குக்குக் குறுகிய காலக் கடன் என்பது பழைய விதி, இன்றும் சரியான விதி. மூன்று அல்லது ஐந்து ஆண்டுத் தவணை கிடைக்குமா என்று கேளுங்கள். விற்பனை மூன்றில் ஒரு பங்கு குறையும் மாதத்திலும் அந்தத் தவணையைக் கட்ட முடியுமா என்று பார்த்துவிட்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.

கேள்வி: நண்பரும் நானும் சேர்ந்து தொடங்குகிறோம். ஆளுக்குப் பாதி. இருபது ஆண்டு நட்பு என்பதால் ஒப்பந்தம் எழுதினால் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று தயங்குகிறேன்.

பதில்: நட்பைக் காக்க விரும்புவதால்தான் எழுத வேண்டும். நல்லுறவு இருக்கும்போது எழுதும் ஒப்பந்தத்தில் இருவருமே நியாயமாக நடந்துகொள்வீர்கள். மனக்கசப்பு வந்த பிறகு எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு வரியும் சண்டையாகும். யார் எவ்வளவு பணம் போடுகிறார், யார் முழு நேரம் உழைக்கிறார், உழைப்பவருக்குத் தனிச் சம்பளம் உண்டா, எந்தத் தொகைக்கு மேல் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்பவற்றை எழுதுங்கள். சரிபாதிப் பங்கில் கருத்து வேறுபாடு வந்தால் யார் சொல் நிற்கும் என்பதற்கு விடையே இல்லை. இருவரும் மதிக்கும் மூன்றாம் ஒருவரை இப்போதே குறிப்பிட்டுவையுங்கள். ஒருவர் விலகினாலோ இறந்தாலோ அவர் பங்கை எந்த முறையில் மதிப்பிட்டு, எத்தனை தவணையில் கொடுப்பது என்ற பகுதி மிக முக்கியம். அதை எழுதாததால் கணவரை இழந்த மனைவியும் உயிரோடிருக்கும் கூட்டாளியும் ஆண்டுக்கணக்கில் வழக்காடும் நிலை நேர்கிறது.

பொதுவாகச் சாதாரணக் கூட்டாண்மையில், தொழிலின் பெயரால் நண்பர் வாங்கும் கடனுக்கு உங்கள் சொந்தச் சொத்தும் பொறுப்பாகும். நிறுவனமாகப் பதிவு செய்தால் நிலைமை வேறு: நிறுவனம் என்பது அதன் உரிமையாளர்களிலிருந்து வேறான சட்டநபர் என்பதை 1896இல் சாலமன் வழக்கில், பிரிட்டனின் அன்றைய உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவை உறுதிசெய்தது, இன்று பல நாடுகளின் சட்டங்களும் அந்த அடிப்படையில் நிற்கின்றன. ஆனால் சிறிய நிறுவனங்களுக்குக் கடன் தரும் வங்கிகள் பெரும்பாலும் உரிமையாளரின் தனிப்பட்ட உத்தரவாதத்தையும் கேட்கும், அதில் கையெழுத்திட்டதும் அந்தப் பாதுகாப்பு அந்தக் கடனைப் பொறுத்தவரை போய்விடும். உங்கள் நாட்டுச் சட்டம் அறிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் இருவரும் சேர்ந்தே செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் உற்பத்தியில் ஐந்தில் நான்கு பங்கை ஒரே நிறுவனம் வாங்குகிறது. இப்போது விலையைக் குறைக்கச் சொல்கிறது. மறுக்க முடியுமா?

பதில்: இன்றைய நிலையில் உங்களால் மறுக்க முடியாது என்று அவர்களுக்குத் தெரிந்திருப்பதால்தான் கேட்கிறார்கள். விலையைக் குறைப்பதானால் ஈடாக ஒன்றைப் பெறுங்கள்: பணம் தரும் நாட்களைக் குறைப்பது, ஓராண்டுக்கான குறைந்தபட்சக் கொள்முதலை எழுத்தில் தருவது, அல்லது அவர்களே மூலப்பொருளைத் தருவது. அத்துடன், உங்கள் நேரத்தில் ஒரு பகுதியை வாரந்தோறும் புதிய வாடிக்கையாளரைத் தேடுவதற்கென்று ஒதுக்குங்கள், ஆர்டர் நிறைந்திருக்கும் வாரங்களிலும். மாறும் செலவுக்கும் கீழே விலை கேட்டால் மட்டும், எவ்வளவு பெரிய வாடிக்கையாளராக இருந்தாலும், ஒப்புக்கொள்ளாதீர்கள். அந்த விலையில் ஒவ்வொரு பொருளும் உங்கள் இழப்பைக் கூட்டும்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக நட்டத்தில் நடத்துகிறேன். இவ்வளவு பணம் போட்ட பிறகு மூடுவதா என்று மனம் வரவில்லை. ஊரார் என்ன சொல்வார்கள் என்ற அச்சமும் இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தில் இருந்த வேதனையைப் படித்தேன். முதலில் ஒரு செய்தி: அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் பணியகத்தின் தரவுகள்படி, அங்கே புதிதாகத் தொடங்கப்படும் தொழில்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று முதல் ஆண்டிலேயே மறைகிறது, ஐந்து ஆண்டுகள் முடிவதற்குள் பாதியளவு மறைந்துவிடுகின்றன. தொழிலை மூடுவது உங்களுக்கு மட்டும் நேரும் இழிவன்று.

இதுவரை போட்ட பணம், மூடினாலும் திரும்பாது, தொடர்ந்தாலும் அதனால் மட்டும் திரும்பாது. ஆகவே அதை முடிவிலிருந்து ஒதுக்கிவிட்டு, இனிப் போடப்போகும் பணத்துக்கும் உழைப்புக்கும் என்ன கிடைக்கும் என்று மட்டும் பாருங்கள். ஒவ்வொரு பொருளின் விலையும் அதன் மாறும் செலவைவிடக் கூடுதலாக இருந்து, நிலையான செலவை ஈடுகட்டத்தான் அது போதவில்லை என்றால், சிறிய இடத்துக்கு மாறுவது, பயன்படாத இயந்திரத்தை விற்பது, விலையைத் திருத்துவது ஆகியவற்றால் மீள வழியிருக்கலாம். அதற்கு ஆறு மாதம் போன்ற ஒரு தேதியையும், அதற்குள் எட்ட வேண்டிய மாத விற்பனை எண்ணையும் எழுதி, உங்கள் குடும்பத்தாரிடம் காட்டிவிடுங்கள். விலை மாறும் செலவையே தாண்டவில்லை, உயர்த்தினால் வாங்க ஆளுமில்லை என்றால், இந்த மாதமே மூடுவது நல்லது.

மூடுவதானால், கையில் பணம் முழுவதும் தீர்வதற்கு முன்பே மூடுங்கள். தொழிலாளர்களின் சம்பளப் பாக்கி, வாடிக்கையாளர்களிடம் வாங்கிய முன்பணம், வரி, சரக்குக் கொடுத்தவர்களின் நிலுவை, வங்கிக் கடன் ஆகிய ஒவ்வொன்றையும் பட்டியலிட்டு, எதை முதலில் அடைக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறதோ அந்த வரிசையை வழக்கறிஞரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். புதிய முன்பணம் எதையும் இன்றிலிருந்து வாங்காதீர்கள். உங்களுக்குச் சரக்குக் கொடுத்தவர்களிடம் செய்தி பிறர் வழியாகப் போவதற்கு முன் நீங்களே நேரில் சென்று, எவ்வளவு, எப்போது தர முடியும் என்று சொல்லுங்கள். அவர்களில் பலர் தவணைக்கு ஒப்புக்கொள்வார்கள், பின்னாளில் நீங்கள் வேறொன்றைத் தொடங்கும்போது மீண்டும் சரக்குக் கொடுக்கப்போகிறவர்களும் அவர்கள்தான்.